கறுப்பனை ஜொகூருக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அப்புறம் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கி ஓய்வு பெற்றவள். இன்னமும் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு ஜொகூர் மாசாயில் இருக்கும் மகன் வீட்டில் பத்து நாள் தங்கப் போகிறேன். தங்கச்சி மகன் அவனுடைய மைவி காடியில் (காரில்) கூட்டிப் போவான். என் நாய் கறுப்பனையும் கொண்டு போக ஆசை. நாட்டு நாய், ஏழு வயது. குட்டியில் ஓர் ஊசி போட்டதோடு சரி, இன்றுவரை நோய் நொடி கிடையாது. ஒரே ஒரு தடவை காடியில் ஈப்போவுக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் எச்சில், இரண்டு தடவை வாந்தி. பக்கத்து வீட்டு அக்கா, "பிரிட்டோன் ரெண்டு குடுத்துடு, தூங்கிட்டே வரும்" என்கிறார். எந்தத் தூக்க மாத்திரை நல்லது? நன்றாக இருக்கும் நாயை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டுமா? ஒரு பூனையும் இருக்கிறது, அதையும் கொண்டு போகலாமா? மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஒரு நாள் கறுப்பனை அங்கேயும் கூட்டிப் போய்க் காட்டலாம் என்கிறான். தீபாவளிக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, வணக்கம். எட்டு வாரம் இருக்கும்போதே எழுதிவிட்டீர்கள், நல்லது. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "விடியக்காலை கிளம்புறோம், ஏதாவது ஓர் ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள்தான் எங்களிடம் அதிகம். அந்த நேரத்தில் நாங்கள் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். எட்டு வாரம் கையில் இருந்தால் ஏறக்குறைய எல்லாமே செய்யலாம்.

சிங்கப்பூர் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். நடக்காது. சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைத் தாண்ட மகனுக்குக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) போதும். கறுப்பனுக்கு அந்த நாட்டு அரசின் இறக்குமதி அனுமதி வேண்டும், வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி வேண்டும், அந்த ஊசி வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை வேண்டும், போய்ச் சேர்ந்ததும் தனிமைப்படுத்தல் வேறு. மாதக்கணக்கில் ஆகும் வேலை அது. ஒரு நாள் சுற்றிப் பார்ப்பதற்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். காரில் ஒளித்து வைத்துக் கடக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் கேஸ் உங்கள் மகன் மேல், அவர் வேலையும் அங்கேதான்.

பூனையையும் விட்டுவிட்டுப் போங்கள். பூனைக்கு ஆளைவிட இடம் பெரிது. பழகாத வீட்டில், அதுவும் பட்டாசு வெடிக்கிற நாளில், கதவு திறந்ததும் ஓடிவிடும். மாசாயில் தொலைந்தால் சுங்கை சிப்புட்டுக்கு வழி கேட்டு வராது. மாத்திரை யோசனை சொன்ன அதே அக்காவிடம் வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் வைக்கச் சொல்லுங்கள். பிரிட்டோன் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

சரி, கறுப்பனுக்கு வருவோம்.

நீங்கள் கேட்டது எந்தத் தூக்க மாத்திரை என்று. கேட்க வேண்டியது, இந்த நாய் அந்தப் பயணத்தைத் தாங்குமா என்று. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வந்து, நெடுஞ்சாலை ஏறி, ஜொகூர் போய்ச் சேர 550 கிலோமீட்டருக்கு மேல். சாதாரண நாளிலேயே ஆறேழு மணி நேரம். தீபாவளி நெரிசலில் பத்து மணி ஆனாலும் ஆச்சரியமில்லை. ஈப்போவுக்கு முக்கால் மணி நேரம் போவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்த நாய் அது. தூங்க வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீராது, நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

பிரிட்டோன் அரிப்புக்கும் மூக்கொழுகலுக்கும் உள்ள மருந்து. தூக்கம் அதன் பக்க விளைவு. சில நாய் சொக்கும், சில நாய் பதறும், எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அரை மயக்கத்தில் கிடக்கும் நாய் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கலாம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். மயங்கிக் கிடந்தால் அதுவும் சரியாக நடக்காது. பழைய காலத்தில் நாங்களே ஒரு மயக்க மாத்திரை கொடுப்போம், அசிப்ரோமசின் என்று பெயர். உடம்பு அசையாது, ஆனால் பயம் குறையாது. உள்ளே நடுங்கிக்கொண்டு வெளியே மரக்கட்டை மாதிரி கிடக்கும். பயணத்துக்கு அதைத் தனியாகக் கொடுப்பதை இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டோம். காய்ச்சலுக்குப் போடும் பனடோல் (பாரசிட்டமால்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நாயின் ஈரலைக் கெடுக்கும், பூனைக்கு ஒரே மாத்திரை உயிருக்கு உலை வைக்கும்.

கறுப்பன் எச்சில் வடித்ததற்கும் வாந்தி எடுத்ததற்கும் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குக் காரின் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, பயம். காரில் ஏறியதே ஒரு தடவைதான், அதுவும் எங்கோ தெரியாத இடத்துக்கு. கார் நகர்ந்து கொஞ்ச நேரம் கழித்து எச்சில் தொடங்கினால் ஆட்டம்தான் காரணமாக இருக்கும். கார் கதவைத் திறந்ததுமே எச்சில் வடிந்தால், உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், அது பயம். பல நாய்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆட்டத்துக்கு ஒரு மருந்து, பயத்துக்கு வேறு மருந்து. எது என்று பார்க்காமல் எதைக் கொடுப்பது? அதனால் அடுத்த முறை காரில் ஏற்றும்போது தங்கை மகனை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

"நன்றாக இருக்கும் நாயைக் காட்டத்தான் வேண்டுமா?" என்கிறீர்கள். தோட்டத்தில் வளர்ந்த நாயாக இருப்பதால்தான் கட்டாயம் காட்டச் சொல்கிறேன்.

முதல் காரணம் உண்ணி. லயத்து நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்காது. அந்த உண்ணி வழியாக எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் இறங்கும். நம் நாட்டு நாய்களிடம் மிகச் சாதாரணமாகப் பார்க்கும் நோய் இது, உண்ணிக் காய்ச்சல் என்போம். இதில் மோசமான விஷயம், மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் உள்ளே கிடக்கும். நாய் சாப்பிடும், வாலை ஆட்டும், குரைக்கும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். அலைச்சலும் பயமும் சூடும் சேரும்போது அந்த உடம்புக்குத் தாக்குப் பிடிக்கிற சக்தி இருக்காது. மூக்கிலிருந்து ரத்தம் வரும்போதுதான் பலர் ஓடி வருகிறார்கள். கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் முடிவு தெரியும் பரிசோதனை இருக்கிறது. சில சொட்டு ரத்தம் போதும். கொசு வழியாக வரும் இதயப் புழுவையும் அதே பரிசோதனையில் பார்த்துவிடலாம். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை 4 வாரம் கொடுக்க வேண்டும். எட்டு வாரம் இருப்பது நல்லது என்று சொன்னேனே, அதற்கு இதுதான் பெரிய காரணம்.

இரண்டாவது, எலி மருந்து. செம்பனைத் தோட்டத்தில் மெழுகுக் கட்டி மாதிரி எலி மருந்து வைப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைத் தின்ற நாய் அன்றைக்கே சாகாது. மூன்று, நான்கு நாள் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசியத் தொடங்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தின்றிருந்தால், அது மாசாயில்தான் வெளியே தெரியும். உண்ணிக் காய்ச்சலிலும் ரத்தக் கசிவு, இதிலும் ரத்தக் கசிவு, ஆனால் வைத்தியம் வேறு வேறு. எலி மருந்துக்கு வைட்டமின் கே1 கொடுக்க வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். அதனால் மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளரிடம்) கேட்டு வையுங்கள், உங்கள் பகுதியில் கடைசியாக எப்போது மருந்து வைத்தார்கள், அடுத்து எப்போது வைப்பார்கள் என்று. அந்தத் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள். பயணத்துக்கு முந்தின ஒரு வாரம் கறுப்பனை வீட்டிலேயே கட்டி வையுங்கள். அவனுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

மூன்றாவது தடுப்பூசி. குட்டியில் போட்ட ஓர் ஊசி ஏழு வருடத்துக்கு வராது. டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த ஊசியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 3 அல்லது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு உடம்பு தயாராக இன்னும் இரண்டு வாரம் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு வாரம் போய்விட்டது. எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து நமக்கும் ஒட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மகன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த ஊசி அவர்களுக்காகவும்தான்.

வெறிநாய்க்கடி நோய்க்கு, அதாவது ரேபிஸுக்கு, தனி ஊசி. இது தீபகற்பத்தில் இல்லாத நோய் என்று நாம் நீண்ட நாள் நிம்மதியாக இருந்தோம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது. 2017இல் சரவாக்கில் பரவி மனிதர்களே இறந்தார்கள். உங்கள் கோல கங்சார் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம் உலு பேராக், அதைத் தாண்டினால் தாய்லாந்து எல்லை. அதனால் இந்த ஊசியையும் போட்டுவிடுவது என் கட்சி. பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் நாயைக் கொண்டு போவதற்கான விதி, நோய் நிலவரத்தைப் பொறுத்து மாறும். மாவட்ட கால்நடை சேவைத் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, பேராக்கிலிருந்து ஜொகூருக்கு இப்போது கடிதம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சபாவுக்கோ சரவாக்குக்கோ கொண்டு போகிற வாசகர்களுக்கு இது ஒரு போனில் முடியாது. அந்த மாநிலங்களுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், பல வாரம் முன்பே தொடங்குங்கள்.

மற்றபடி டாக்டர் பார்ப்பது: ஈறின் நிறம், இதயத் துடிப்பு, மூட்டு, பல், எடை. எடை முக்கியம், மருந்தின் அளவே அதை வைத்துத்தான். காதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். காதில் சீழ் பிடித்திருந்தால் சமநிலை தடுமாறும், வாந்தியும் வரும். உங்கள் கறுப்பனின் வாந்திக்குக் காரணம் காராக இல்லாமல் காதாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். காலையில் போட்ட மலத்தைக் கொஞ்சம் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டு போனால் புழுவையும் பார்த்துவிடலாம். சொறிக்கு மண்ணெண்ணெயோ பழைய எஞ்சின் எண்ணெயோ தடவியிருந்தால், உண்ணிக்குத் தோட்டத்துப் பூச்சி மருந்தைக் கலந்து குளிப்பாட்டியிருந்தால், வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். திட்டு விழும்தான். ஆனாலும் எங்களுக்குத் தெரிய வேண்டும். உண்ணிக்கு இப்போது தின்னக் கொடுக்கும் மாத்திரையே வந்துவிட்டது, ஒன்று கொடுத்தால் ஒரு மாதம் தாங்கும், சில வகை மூன்று மாதம்.

செலவு சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று எதிர்பாருங்கள். போன் போட்டு விலை கேட்பதில் தவறில்லை. அரசாங்கக் கால்நடை அலுவலகத்தில் ஊசிக்குக் குறைவாக ஆகும், அங்கேயும் விசாரியுங்கள். கிளினிக்கில் மற்ற நாய்களைப் பார்த்து கறுப்பன் மிரண்டால் உள்ளே உட்கார வைக்காதீர்கள். பெயரைப் பதிந்துவிட்டு வெளியே நிழலில் நில்லுங்கள், முறை வந்ததும் கூப்பிடுவார்கள்.

இதற்கிடையில் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மருந்தைவிட இதுதான் பலன் தரும். காரைப் பழக்க வேண்டும். தங்கை மகன் வரும்போதெல்லாம் காரை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அடைத்துவிட்டு, கதவைத் திறந்து வையுங்கள். பின் சீட்டில் அவன் படுக்கிற பழைய கோணியைப் போடுங்கள். சோற்றுத் தட்டை காருக்குப் பக்கத்தில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து காருக்குள் வையுங்கள். பிடித்து இழுத்து ஏற்ற வேண்டாம், அவனாக ஏறட்டும். ஏறிப் படுக்கப் பழகியதும் எஞ்சினை மட்டும் ஓட விடுங்கள். அப்புறம் லயத்துக் கோடிவரை, அப்புறம் பெரிய சாலைவரை, அப்புறம் பட்டணம்வரை. தோட்டத்துச் செம்மண் சாலை வேண்டாம். குண்டும் குழியுமாகக் குலுக்கியே வாந்தியை வரவழைத்துவிடும். ஒவ்வொரு முறையும் போய் இறங்குகிற இடம் அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும், ஒரு திடல், ஓர் ஆற்றங்கரை. கார் ஏறினால் ஊசி என்று ஆகிவிட்டால் எல்லாம் கெட்டது. பட்டணத்துக்காரர்கள் வேண்டாத நாயைக் காரில் கொண்டுவந்து தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்களே, அப்படி வந்த நாய்களைக் காரில் பழக்க இன்னும் பொறுமை வேண்டும். கறுப்பன் அப்படி வந்தவனா என்று நீங்கள் எழுதவில்லை.

இவ்வளவு பழக்கியும் ஆட்டத்தில் வாந்தி வந்தால், மாரோபிடன்ட் என்று நாய்க்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது. வாந்தியை நிறுத்தும், தூங்க வைக்காது. டாக்டர் எடை பார்த்துத் தருவார். கிளம்புவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு, ஒரு சின்ன ரொட்டித் துண்டோடு கொடுக்க வேண்டும். பயம்தான் காரணம் என்றால் அதற்கு வேறு மாத்திரை தருவார். அதை முதன்முதலாகப் பயணத்தன்று கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பு ஒரு நாள் வீட்டிலேயே கொடுத்து, எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் தாங்குகிறது, தள்ளாடுகிறானா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிளம்புகிற நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தின இரவு 7 மணிக்குள் சோறு, வழக்கத்தில் பாதி. விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் 3 மணிக்கு மாத்திரை. தண்ணீரை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பின் சீட்டில் நெஞ்சுவார் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை) மாட்டி, அதை சீட் பெல்ட்டோடு இணையுங்கள். கழுத்துப் பட்டையில் இணைக்காதீர்கள், பிரேக் போட்டால் கழுத்து முறியும். முன் சீட்டில் மடியில் வைக்கவே கூடாது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வருவது பார்க்க அழகுதான். கண்ணில் கல்லும் பூச்சியும் அடிக்கும்.

இரண்டு மணிக்கு ஒரு முறை நிறுத்துங்கள். தாப்பா, உலு பெர்ணம், சிரம்பான், பாகோ, மாச்சாப் என்று வழி நெடுக ஓய்விடங்கள் இருக்கின்றன. சாப்பாட்டுக் கடைகளுக்கும் சூராவுக்கும் (தொழுகை அறைக்கும்) எட்ட, கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் புல் இருக்கும் பக்கமாக நிறுத்துங்கள். நாயின் எச்சில் மேலே பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டிய கடமை முஸ்லிம் அன்பர்களுக்கு உண்டு. நம்மால் அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது. கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், அசுத்தம் செய்தால் பையில் அள்ளிப் போடுங்கள். கார் கதவைத் திறப்பதற்கு முன்பே கயிறு கையில் இருக்க வேண்டும். கயிறே பழகாத தோட்டத்து நாய் நெடுஞ்சாலையில் நழுவினால் அப்புறம் பேச ஒன்றுமில்லை. வீட்டில் காரைப் பழக்கும்போதே கயிற்றையும் பழக்கிவிடுங்கள்.

நீங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடப் போய், கறுப்பனைக் காருக்குள் அடைத்து வைக்கக் கூடாது. ஒருவர் போய் வந்ததும் இன்னொருவர் போகட்டும். வெளியே 32 டிகிரி இருக்கும் நாளில், வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 40ஐத் தாண்டும், அரை மணியில் 50ஐ நெருங்கும். சன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாயின் சாதாரண உடம்புச் சூடே 38லிருந்து 39.2 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூச்சு இரைப்பு நிற்காமல், எச்சில் பிசின் மாதிரி ஆகி, ஈறு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால், உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஏர்கோன் காற்றைத் திருப்பிவிட்டு, அருகில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தேட வேண்டாம். ஷிட்சு, பக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இதைப் பத்து மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு மூச்சு வாங்குவதே பாடு.

மாசாய் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் பெரிய கவலை பட்டாசுதான். லயத்தில் வெடிக்கும்போது அவனுக்கு ஒளிய இடம் தெரியும், படிக்கட்டுக்குக் கீழே, கொட்டகைக்குப் பின்னால். மகனின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் ஒன்றும் தெரியாது. கேட் திறந்ததும் பாய்ந்துவிடுவான். தீபாவளிக்கு முந்தின இரவும் தீபாவளி இரவும் உள் அறையில் விடுங்கள், கோணியைப் போடுங்கள், திரையை இழுத்து, டிவியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். பயத்துக்கு மாத்திரை தந்திருந்தால் சத்தம் தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள், நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பாதிப் பலன்தான். கழுத்துப் பட்டையில் உங்கள் மகனின் போன் எண் இருக்கட்டும், உங்களுடையது மட்டும் போதாது. கோல கங்சார் நகராண்மைக் கழகத்தின் நாய் உரிமம் எடுத்திருந்தால் அந்த வில்லையையும் மாட்டுங்கள், எடுக்கவில்லை என்றால் எடுங்கள். அடையாளம் இல்லாமல் தெருவில் திரியும் நாயை அங்குள்ள மாநகர் மன்றத்தார் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மைக்ரோசிப் போடலாமா என்று டாக்டர் கேட்டால் சரி என்று சொல்லுங்கள். பட்டை அறுந்துபோனாலும் அது தோலுக்கடியில் இருக்கும்.

வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். ஆட்டிறைச்சிக் குழம்பில் வெங்காயம், பாயசத்தில் உலர்ந்த திராட்சை, பிள்ளைகள் கையில் சாக்லெட், மூன்றும் நாய்க்கு விஷம். நெய்ப் பலகாரம் விஷமில்லை, ஆனால் வழக்கமில்லாத வயிற்றில் திடீரென்று அவ்வளவு கொழுப்பு போனால் கணையம் வீங்கி வாந்தியும் வலியுமாகப் படுத்துவிடும். வேக வைத்த எலும்பு குத்தும். வீட்டில் தின்கிற அதே சோற்றைப் போடுங்கள், தீபாவளியன்று வேக வைத்த கோழி இரண்டு துண்டு கூட வையுங்கள், போதும்.

இனி முடிவு. ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருந்து, அல்லது நோய் இருந்து மாத்திரையில் தேறி, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஈப்போவரை எச்சில் வடியாமல் போய்வந்தானானால், தாராளமாகக் கூட்டிப் போங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் இந்த வருடம் வேண்டாம். அக்காவுக்கு மாத்திரை யோசனை சொல்லும் துணிச்சல் இருக்கிறது, அந்த நாயைக் கட்டி மேய்க்கும் துணிச்சலும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் தீபாவளிக்கு ஊரிலேயே இருக்கும் ஒரு குடும்பத்தைப் பிடித்து, தினம் இரண்டு வேளை சோறும் தண்ணீரும் வைக்க ஒரு தொகை பேசிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு பேசின் நிறையச் சோற்றை வைத்து, கட்டிப் போட்டுவிட்டுப் பத்து நாள் போய்விடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. விலங்கு நலச் சட்டம் 2015இன்படி அது குற்றம். 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதம், 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

ஒன்று விட்டுப்போனது. மாத்திரை வாங்கும்போது போகிற வழிக்கு மட்டும் கணக்குப் பண்ணி வாங்காதீர்கள். திரும்பி வருகிற வழிக்கும் சேர்த்து இங்கேயே வாங்கி, தனி உறையில் தேதி எழுதி வையுங்கள். தீபாவளி வாரத்தில் அங்கே கிளினிக் தேடி அலைய முடியாது. தெரியாத டாக்டர் நாயைப் பார்க்காமல் மாத்திரை தரவும் மாட்டார். ஊசிச் சீட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் அதே உறைக்குள் போட்டு, காரில் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.